அமெரிக்கப் பஞ்சும் ஆஸ்திரேலியப் பஞ்சும்: ஒரே தாளில் இரண்டு கோடுகள்

மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளையில் ஏலம் நடக்கும் நாளில், பருத்தி மூட்டைகளுக்கு நடுவே நடந்து போனால் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. "வெளிநாட்டுப் பஞ்சு வந்து எறங்கிருச்சுங்க. இனி எங்கீங்க வெல ஏறப்போகுது?" சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பஞ்சு இறங்கியிருப்பது உண்மை. ஆனால் எந்த நாட்டுப் பஞ்சு, எந்த ரகம், எந்த மாதத்தில், எவ்வளவு கிலோ என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலை நாமே எடுக்கலாம். வேண்டியது ஒரு கைபேசி, ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தியா அதிகமாகப் பஞ்சு வாங்கும் நாடுகளில் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் எடுத்துக்கொண்டு, வருடங்களின் ஊடே இரண்டையும் ஒப்பிடும் முறையை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். முறை பிடிபட்டுவிட்டால் பாமாயிலுக்கு இந்தோனேசியா, மலேசியா என்று போட்டுப் பார்க்கலாம். துவரைக்கு மியான்மர், மொசாம்பிக் என்றும் போடலாம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஏலத்துக்கு வருவது பருத்தி, அதாவது கொட்டையோடு இருப்பது. கப்பலில் வருவது கொட்டை நீக்கிய பஞ்சு. இரண்டின் விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பேசுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் ஏறக்குறைய 34 கிலோ பஞ்சுதான் கிடைக்கும், மிச்சம் பெரும்பாலும் கொட்டை. இதை மறந்தால் கணக்கு தொடக்கத்திலேயே கோணிவிடும்.

யார் எதை விற்கிறார்கள்

எண்களைத் தேடும் முன் பஞ்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் பாதி வேலை.

அமெரிக்கா நமக்கு இரண்டு வகைப் பஞ்சை விற்கிறது. ஒன்று அப்லாண்ட் எனப்படும் சாதாரணப் பஞ்சு. மற்றது பிமா என்ற மிக நீண்ட இழைப் பஞ்சு. பிமாவை அதிகமாக வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நூறாம் நம்பரும் அதற்கு மேலும் மெல்லிய நூல் நூற்கும் ஆலைக்கு இது வேண்டும். எகிப்தின் கிசாவும் இந்த வகைதான். நம் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் விளைந்த சுவினும் இதே குடும்பம். கோயம்புத்தூரில் உருவாகி 1974-இல் வெளிவந்த சுவின், உலகின் மிக உயர்ந்த பஞ்சுகளோடு வைத்துப் பேசப்பட்ட ரகம். இன்று அதன் சாகுபடி மிகச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தைத்தான் பிமாவும் கிசாவும் நிரப்புகின்றன. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியா விற்பது பெரும்பாலும் அப்லாண்ட். ஆனால் எந்திரம் எடுத்த பஞ்சு, அதனால் சாக்கு நார், தலைமுடி, பிளாஸ்டிக் துணுக்கு போன்ற கலப்பு இல்லாதது. வெள்ளை பனியன் துணிக்கு நூல் விற்கும் ஆலை, சாயம் போட்ட பிறகு ஒரு நார் துருத்திக்கொண்டு தெரிந்தாலே சரக்கைத் திரும்ப வாங்க நேரிடும். அதனால் கூடுதல் காசு கொடுத்தாவது சுத்தமான பஞ்சை வாங்குகிறது.

ஆக, இரண்டு நாடுகளும் ஒரே கடைக்காரர்கள் இல்லை. பிமாவின் விலை சாதாரணப் பஞ்சைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. டாலர் கணக்கில் இரண்டு நாடுகளும் சமமாக நின்றால், கிலோ கணக்கில் அவை சமம் என்று பொருள் ஆகாது.

எண்களை எடுக்கும் இடம்

இந்திய அரசின் வணிகத் துறை, ஏற்றுமதி இறக்குமதி எண்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள வணிகப் புள்ளிவிவரத் தலைமை இயக்ககம் சுங்கத் துறையின் பதிவுகளைத் திரட்டி இந்த எண்களைத் தருகிறது. அங்கே பொருளை அதன் எச்.எஸ். எண்ணால் தேட வேண்டும். சீவாத, வாராத பஞ்சுக்கு 5201. பஞ்சுக் கழிவுக்கு 5202. சீவிய பஞ்சுக்கு 5203. நூல் 5204-இலிருந்து தொடங்குகிறது.

நமக்கு வேண்டியது 5201 மட்டும். "பஞ்சு, கழிவு உட்பட" என்ற தலைப்பில் வேறொரு தொகுப்பும் இருக்கும். செய்தித்தாள்கள் சில நேரம் அதையும் சில நேரம் இதையும் எடுத்துப் போடுவதால், ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் உலவும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். எட்டு இலக்கம் வரை போனால் இழையின் நீளவாரியாகவும் பார்க்கலாம். ஆனால் எட்டு இலக்க எண்கள் அவ்வப்போது திருத்தப்படும். பத்து வருடக் கோடு போட நாலு இலக்கமே பத்திரம்.

நாட்டைத் தேர்ந்தெடுத்து, டாலர் மதிப்பு ஒரு பத்தி, எடை ஒரு பத்தி என்று எடுத்து எழுதுங்கள். ரூபாய்ப் பத்தி வேண்டாம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 73 ரூபாய். 2025 தொடக்கத்தில் அது 86-ஐ ஒட்டி இருந்தது. ஒரு கிலோ பஞ்சுகூடக் கூடுதலாக வராமலே ரூபாய்க் கோடு இதனால் ஏறக்குறைய 18 விழுக்காடு ஏறியிருக்கும். ஆலைக்காரருக்கு ரூபாய் முக்கியம்தான், அவர் ரூபாயில்தானே கொடுக்கிறார். ஆனால் இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது அது இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக் காட்டி ஏமாற்றும்.

மூன்றாவது பத்தி நீங்களே போட வேண்டியது: டாலரைக் கிலோவால் வகுத்து வரும் விலை. இந்தப் பத்தி பேசுவதுபோல வேறு எதுவும் பேசாது. கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு நாடு 100 டன் அனுப்பி 3 லட்சம் டாலர் வாங்குகிறது. இன்னொரு நாடு 150 டன் அனுப்பி அதே 3 லட்சம் வாங்குகிறது. முதல் நாட்டின் பஞ்சு கிலோ 3 டாலர், மற்றதன் பஞ்சு 2 டாலர். அடுத்த வருடம் முதல் நாட்டின் மதிப்பு அப்படியே நிற்க, கிலோ விலை மட்டும் 2.50-க்கு இறங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உலக விலையே இறங்கியிருக்கும், அல்லது அந்த நாடு நீண்ட இழையைக் குறைத்துச் சாதாரணப் பஞ்சைக் கூட்டியிருக்கும். மற்ற நாட்டின் கிலோ விலையும் இறங்கியிருந்தால் முதல் காரணம். அது நகராமல் இருந்தால் இரண்டாவது காரணம். பக்கத்து நாட்டின் கோடு நமக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டு நாடுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதன் பெரிய ஆதாயம் இதுதான்.

ஒன்பது மடங்கா, இரண்டு மடங்கா?

2025 ஜனவரியில் இந்தியாவின் பஞ்சு இறக்குமதி 18 கோடி டாலரைத் தாண்டியது. 2024 ஜனவரியில் அது 2 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. ஒன்பது மடங்குக்கு மேல் ஏற்றம். இந்த ஒரு எண் ஏல மண்டபத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன பீதி கிளம்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது நிதியாண்டைப் பாருங்கள். 2023-24-இல் 57.92 கோடி டாலர். 2024-25-இல் 120 கோடி டாலர். இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

மூன்றாவதாக, பஞ்சு ஆண்டு. இந்தியப் பருத்திச் சங்கத்தின் கணக்கில் 2023-24-இல் ஏறக்குறைய 15 லட்சம் பேல் வந்தது. 2024-25-இல் 40 லட்சம் பேலைத் தாண்டியது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஒன்பது, இரண்டு, இரண்டரை. மூன்றுமே உண்மை எண்கள்தான், அளக்கும் கோல்தான் வேறு. முதலாவது ஒரே மாதத்தின் மதிப்பு. முந்தைய ஆண்டின் ஜனவரி மிகவும் மந்தமாக இருந்ததால் ஏற்றம் பூதாகரமாகத் தெரிகிறது. இரண்டாவது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான டாலர். மூன்றாவது அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான எடை. 2025 ஆகஸ்டில் இறக்குமதி வரி தள்ளுபடியான பிறகு இறங்கிய பஞ்சு மூன்றாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. "இறக்குமதி இத்தனை மடங்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, மதிப்பா எடையா என்று கேளுங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பேலிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பேல் 170 கிலோ. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் வரும் பேல் 480 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 218 கிலோ. ஆலைக்காரர் விலை பேசுவது கண்டியில், 356 கிலோ. விவசாயி பேசுவது குவிண்டாலில். நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் டன்னாக மாற்றிய பிறகே கோடு போடுங்கள்.

நம் இரண்டு நாடுகளுக்கும் மாதக் கணக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் அறுவடை மும்முரமாக இருக்கும். ஆஸ்திரேலியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே நம் பங்குனி, சித்திரையில்தான் பஞ்சு எடுப்பார்கள். ஒரு நாட்டுக் கப்பல் வரிசைகட்டி வரும் காலத்தில் மற்ற நாட்டுக் கப்பல் ஓய்ந்திருக்கும். பிப்ரவரி எண்ணை வைத்து அமெரிக்கா முந்திவிட்டது என்றும், செப்டம்பர் எண்ணை வைத்து ஆஸ்திரேலியா முந்திவிட்டது என்றும் எழுதிவிடலாம். இரண்டுமே வெறும் பருவக் கணக்கு.

இதற்கு மருந்து, ஓடும் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை. ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய பதினொரு மாதங்களையும் கூட்டி ஒரு எண் எழுதுங்கள். அடுத்த மாதம் புதியதைச் சேர்த்துப் பழையதைக் கழியுங்கள். கோட்டில் எங்கே நின்று பார்த்தாலும் ஒரு முழு அமெரிக்கப் போகமும் ஒரு முழு ஆஸ்திரேலியப் போகமும் அதற்குள் இருக்கும். கைபேசியில் உள்ள எக்செல் இதை நொடியில் செய்துவிடும். நோட்டில் செய்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கையால் போட்டவர்களுக்குத்தான் எண்கள் மனதில் தங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கதவுகள் எப்போது யாருக்குத் திறந்தன

கோடு போட்ட பிறகு, அதன் மேல் செங்குத்தாகச் சில தேதிகளைக் குறிக்க வேண்டும். வரி மாறிய தேதிகள் அவை. இவற்றைக் குறிக்காமல் கோட்டின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சொல்வது, மழை பெய்த நாளைக் குறிக்காமல் கிணற்று நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுவதைப் போன்றது.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அதுவரை வரியில்லாமல் வந்த பஞ்சுக்கு 5 விழுக்காடு அடிப்படை வரியும் 5 விழுக்காடு வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வையும் விதித்தார்கள். அவற்றின் மேல் சமூக நல மேல்வரியும் சேர்ந்து மொத்தம் 11 விழுக்காடு ஆனது. இது நம் இரண்டு நாடுகளுக்கும் பொது. 2022-இல் பஞ்சு விலை தலைகால் தெரியாமல் ஏறி, மே மாதத்தில் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தறிகள் நின்ற அந்த மாதங்கள் நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரை வரி தள்ளுபடி. அதுவும் எல்லாருக்கும் பொது.

அதற்குப் பிறகுதான் கதவுகள் ஆளுக்கொரு பக்கமாகத் திறந்தன. இந்தியா–ஆஸ்திரேலியா வணிக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆஸ்திரேலியப் பஞ்சு ஆண்டுக்கு 51,000 டன் வரியில்லாமல் வரலாம். நம் பேலில் அது 3 லட்சம். இந்தக் கதவு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும். 2024 பிப்ரவரி 20 முதல் 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட இழைப் பஞ்சுக்கு வரி இல்லை. இதில் நாட்டின் பெயர் எதுவும் இல்லை என்றாலும், நீண்ட இழையை விற்பவர்கள் அமெரிக்காவும் எகிப்தும் என்பதால் நடைமுறையில் அது அவர்கள் பக்கத்துக் கதவு. பிறகு 2025 ஆகஸ்ட் 19-இல் எல்லாருக்கும் வரி நீங்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பின்பு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அதே ஆகஸ்டில்தான் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. திருப்பூரும் கரூரும் கலங்கிப்போன நேரம் அது.

இப்போது இந்தத் தேதிகளை வைத்து ஒரு எண்ணைச் சோதிப்போம். 2024-25 நிதியாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து 25.82 கோடி டாலருக்கும், அமெரிக்காவிலிருந்து 23.41 கோடி டாலருக்கும் பஞ்சு வந்தது. ஆஸ்திரேலியா முதலிடம். மொத்தத்தில் ஒன்றின் பங்கு ஏறக்குறைய 21.5 விழுக்காடு, மற்றதன் பங்கு 19.5. பார்த்தவுடன் வரும் முடிவு: "ஒப்பந்தம் போட்டார்கள், ஆஸ்திரேலியா முந்திவிட்டது."

சற்றுப் பொறுங்கள். அப்லாண்ட் பஞ்சைக் கிலோ 2 டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 25.82 கோடி டாலருக்கு 1.29 லட்சம் டன் வருகிறது. வரியில்லாமல் வரக்கூடியது 51,000 டன்தான். விலையை இன்னும் குறைத்து வைத்தால் எடை இன்னும் கூடும். ஒப்பந்தத்தின் சலுகை மட்டும் இந்த ஏற்றத்தைத் தாங்காது. மிச்சம் எப்படி வந்தது? ஒரு பகுதி 11 விழுக்காடு கட்டியே வந்திருக்கும். ஏற்றுமதி ஆர்டர் வைத்திருக்கும் ஆலைக்கு அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற வழியும் உண்டு: வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கான மூலப்பொருளை வரியில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. அதன் பெரிய வாடிக்கையாளரான சீனா 2020 இறுதியில் தன் ஆலைகளை ஆஸ்திரேலியப் பஞ்சை வாங்க வேண்டாம் என்று தடுத்தது. புதிய சந்தைகளைத் தேட வேண்டிய கட்டாயம் ஒப்பந்தத்துக்கு முன்பே அங்கே வந்துவிட்டது.

இன்னொன்று, 25.82-க்கும் 23.41-க்கும் உள்ள இடைவெளி பத்து விழுக்காடு. ஆனால் அமெரிக்க எண்ணுக்குள் விலை கூடிய பிமா இருக்கிறது. எடையில் பார்த்தால் ஆஸ்திரேலியா இன்னும் தள்ளி முன்னால் நிற்கும். மதிப்புக் கோட்டை மட்டும் போட்டவருக்கு இது தெரியாமலே போகும்.

எந்த வருடத்தை நூறு என்று வைப்பது

இரண்டு கோடுகளையும் ஒரே இடத்திலிருந்து தொடங்க, ஒரு வருடத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாக எழுதுவது வழக்கம். வருடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கள்ளத்தனம் நுழையும். 2022-23-ஐ எடுத்துக்கொண்டால், வரித் தள்ளுபடியும் உச்ச விலையும் சேர்ந்த வருடம் அது, இறக்குமதி கழிவு உட்பட 140 கோடி டாலரைத் தாண்டியது. அதை நூறாக வைத்தால் 2024-25 இறங்கியதாகத் தெரியும். மறுவருடத்தை நூறாக வைத்தால் இரு மடங்காக ஏறியதாகத் தெரியும். ஆகவே மூன்று வருடச் சராசரியை நூறாக வையுங்கள். அந்த மூன்றில் 2022-23 இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. எதை வைத்தீர்கள் என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

தாளோடு ஏலத்துக்குப் போகும்போது

தாள் தயார் என்று வைத்துக்கொள்வோம். அதை மல்லசமுத்திரத்து விலையோடு எப்படி இணைப்பது?

ஒரு கணக்கு. குவிண்டால் பருத்தி 7,500 ரூபாய் என்று கொள்வோம். அதில் 64 கிலோ கொட்டை, கிலோ 30 ரூபாய் என்றால் 1,920. அதைக் கழித்தால் 5,580. அதை 34 கிலோ பஞ்சுக்கு வகுத்தால் கிலோ 164 ரூபாய், கண்டி ஏறக்குறைய 58,400. அரைவைக் கூலியும் வண்டி வாடகையும் இதன் மேல். இதற்கு எதிரே இறக்குமதிப் பஞ்சின் கிலோ விலையை வையுங்கள். நம் புள்ளிவிவரத்தில் இறக்குமதி மதிப்பு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது, எனவே தூத்துக்குடி வரை வந்த விலை என்று கொள்ளலாம். வரி இருக்கும் காலம் என்றால் 11 விழுக்காடு கூட்டுங்கள். கிலோ 1.90 டாலர், டாலர் 86 ரூபாய் என்றால் 163 ரூபாய் 40 காசு. வரியோடு 181 ரூபாய்க்குச் சற்று மேல். வரி இருந்தால் உள்ளூர்ப் பஞ்சு மலிவு. வரி நீங்கினால் இரண்டும் தோளோடு தோள். மேலே குறித்த செங்குத்துக் கோடுகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த 18 ரூபாயில் தெரியும்.

எந்தக் கோட்டை யார் பார்க்க வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பி.டி. ரகமும் சுரபியும் கொண்டுவரும் விவசாயிக்குப் பிமா போட்டியே இல்லை. அவர் பார்க்க வேண்டியது ஆஸ்திரேலியக் கோட்டையும், அமெரிக்கக் கோட்டில் கிலோ விலை இறங்கும் இடங்களையும்தான். விலை இறங்கினால் சாதாரணப் பஞ்சு கூடுதலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். டி.சி.எச். போன்ற நீண்ட இழை ரகம் போட்டவர் 2024 பிப்ரவரி 20-ஐ நோட்டில் வட்டமிட்டு வைக்க வேண்டும். வையப்பமலை, இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்காரருக்குப் பஞ்சைவிட நூல் முக்கியம். பஞ்சு விலை நூல் விலையாக மாறி அவர் பாவுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அவர் தன் நூல் சீட்டுகளைத் தேதிவாரியாக அதே தாளின் அடியில் எழுதிக்கொண்டு வந்தால், அந்த இடைவெளி தன் ஆலைக்கு எவ்வளவு என்பதைத் தானே கண்டுகொள்வார்.

ஆடி, ஆவணியில் விதைத்த நம் பக்கத்துப் பருத்தி தை, மாசியில் ஏலத்துக்கு வரும். குஜராத், மகாராஷ்டிரப் பஞ்சும் அப்போது சந்தையில் நிறைந்திருக்கும். நாட்டின் மொத்த விளைச்சல் 300 லட்சம் பேலை ஒட்டி இருக்க, இறக்குமதி உச்சத்திலும் 40 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆகவே ஒரு தை மாதம் விலை படுத்தால் முதல் சந்தேகத்தை உள்நாட்டு வரத்தின் மேல் வையுங்கள். அதற்காகத் தாளில் மூன்றாவதாக ஒரு மெல்லிய கோடு வேண்டும்: அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. நீள இழைப் பருத்திக்கு 2024-25-இல் குவிண்டால் 7,521 ரூபாய், 2025-26-இல் 8,110 ரூபாய். ஏல விலை இந்தக் கோட்டுக்குக் கீழே போன வாரங்களில் வெளிநாட்டுக் கோடுகள் இரண்டும் என்ன செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். தாளைக் கிளையின் அறிவிப்புப் பலகை ஓரமாக ஒட்ட முடிந்தால் ஒட்டுங்கள். மாதம் ஒரு புள்ளி சேர்க்க ஐந்து நிமிடம் போதும்.